அவரு இன்னும் முடிக்கல

ஹலோ... ஆமா ஆன்ட்டி, ரோகினிதான், ஷாமினியோட அக்கா... ம்... ம்... என்னது, பரிசம் வேணாமா? மண்டபமெல்லாம் சொல்லியாச்சே!... திக்குவாயா? யாரு, என் தங்கச்சியா?

இருங்க ஆன்ட்டி, சிரிப்பு வருது... ஆமா, ஆமா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நேத்து போன்ல 'அது வந்து... அது வந்து'ன்னு இழுத்தாளா? அவ்வளவுதானா?... ஓஹோ. ஆஸ்பத்திரியில பத்து வருஷமா திக்குறவங்களுக்குப் பயிற்சி குடுக்குறவ நானு. நீங்க கெமாஸ்ல உங்க வீட்டுல உக்காந்துகிட்டு போன்லயே கண்டுபுடிச்சிட்டீங்க. பெரிய டாக்டருலா நீங்க!

கேளுங்க. யோசிச்சுப் பேசுனா யாரா இருந்தாலும் 'வந்து வந்து'ன்னுதான் இழுப்பாங்க. இப்ப நீங்களே எத்தனவாட்டி சொல்லிட்டீங்க... திக்குறவங்களுக்குச் சொல்ல வேண்டியது நல்லாத் தெரியும், மொத எழுத்துதான் நகராது. கண்ண இறுக்குவாங்க, கழுத்து நரம்பு பொடைக்கும். சொந்தப் பேரே வராது...

ஏன் ஆன்ட்டி, பேச்ச மாத்துறீங்க?

பொண்ணு பாக்க சுவாவுல எங்க வீட்டுக்கு வந்தப்ப எங்கப்பா, 'தம்பி பேரு என்ன'ன்னாரு. உங்க மகன் 'த... த...'ன்னாரு. நீங்க முந்திக்கிட்டு 'தர்மராஜ்'ன்னீங்க. என்ன வேலன்னு கேட்டா, பதில் சொன்னது நீங்க. தேத்தண்ணிக்குச் சீனி போதுமான்னா, அதுக்கும் நீங்க!... கூச்சமா? முப்பத்திரண்டு வயசுலயா?

ஷாமினிக்கும் தெரியும்லா... பின்ன? தெரிஞ்சுதான் சரின்னா. வாசல்ல மோட்டார் சைக்கிள்கிட்ட நின்னு பேசுனாங்களே, அவரு திக்குனப்ப இவ ஒரு வார்த்தகூட எடுத்துக் குடுக்கல. அதான் அவருக்கும் புடிச்சுது.

ஆங், இப்பப் புரியுது. பரிசத்துல அவரே மைக் புடிச்சுப் பேசப்போறாருன்னு நேத்து இவ சொன்னாளா? சொந்தக்காரங்க முன்னால மானம் போயிரும்னு, பழியத் தூக்கி இவமேல போடுறீங்களா? சே! பெத்த மகன நெனச்சு வெக்கப்படுறீங்களே. அவரு திக்குறது அசிங்கமில்ல ஆன்ட்டி, நீங்க பண்றதுதான் அசிங்கம்.

பரிசம் வேணாம்னு அவரு சொன்னாரா?... நீங்க சொல்லாதீங்க! பக்கத்துலதான இருக்காரு? போன அவருகிட்ட குடுங்க... குடுங்க ஆன்ட்டி.

தம்பி... ம்... அவசரமில்ல. நான் இருக்கேன்... ம்... ம்... சரி, பரிசம் நடக்கட்டும். நீங்க சொன்னாப் போதும்... மைக்கா? ம்... சொல்லுங்க... ம்...

ஆன்ட்டி, போனப் புடுங்காதீங்க! அவரு இன்னும் முடிக்கல... ஹலோ?... ஹலோ?