மறுப்பு எழுதாத அதிகாரி

அவையை அன்பால் ஆளும் தலைவர் அவர்களே, அச்சு மையில் ஆயுளைக் கரைத்த ஆசிரியப் பெருமக்களே, அலைபேசிக்குள் அச்சகம் நடத்தும் வலைப்பதிவுத் தோழர்களே, நிறுவனங்களின் நாவாக நிற்கும் மக்கள் தொடர்பு அதிகாரிகளே, வீட்டு வேலையை முடித்துவிட்டு அல்ல, பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

யார் சொன்னால் செய்தி? யார் எழுதினால் உண்மை? இந்தக் கேள்வி என் குடும்பத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்த கதை ஒன்று உண்டு.

நான் பத்திரிகைக்காரன். என் தங்கை, மின்தூக்கி தயாரிக்கும் நிறுவனமொன்றில் மக்கள் தொடர்பு அதிகாரி. மின்தூக்கி புரியவில்லையா? சரி, லிஃப்ட்! நிறுவனத்துக்கு நல்ல பெயர் வாங்கித் தருவது அவள் தொழில். அந்தப் பெயரைச் சந்தேகப்படுவது என் தொழில். சாப்பாட்டு மேசையில் நாங்கள் படுத்தும் பாட்டை என் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்குச் சொல்லித்தரும் அம்மையார் ஒருவர், 'ஆறாவது மாடி' என்று வலைப்பதிவு எழுதிவந்தார். ஒருநாள் மாமனாரைச் சக்கர நாற்காலியில் மருத்துவமனைக்கு அழைத்துப் போகையில், அவர்கள் குடியிருப்பு லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. என் தங்கை நிறுவனத்தின் லிஃப்ட்! இருட்டு. பெரியவருக்கு மூச்சுத் திணறல். காவலாளி கதவை நெம்பித் திறந்துதான் மீட்டார். மறுநாள், நடந்ததை நடந்தபடி எழுதினார் அம்மையார்.

முதலாளி என் தங்கையை அழைத்தார். "அளவுக்கு மேல ஆள் ஏறினாங்கன்னு ஒரு மறுப்பு எழுதும்மா. நாலு பேப்பருக்கு அனுப்பிட்டா முடிஞ்சுது."

எனக்குப் போன் வந்தது. "அண்ணா, ஒரு மறுப்பு அனுப்புறேன், போட்டுடுங்க."

"அந்தம்மா எழுதினதக் கீழ வரைக்கும் படிச்சியா?"

படித்தாள். கீழே பின்னூட்டங்களில் ஊரே திரண்டு நின்றது! 'எங்கள் கட்டடத்திலும் இதே லிஃப்ட், இதே கதி' என்று எத்தனை பேர்! அந்தக் காலத்தில் மறுப்போடு செய்தி முடிந்தது. இன்று மறுப்பில்தான் செய்தியே ஆரம்பிக்கிறது.

தங்கை அம்மையார் வீட்டுக்கே புறப்பட்டாள். லிஃப்ட் ஓடவில்லை. ஆறு மாடியும் படியேறினாள்.

"மறுப்பா, மிரட்டலா? எதக் கொண்டு வந்திருக்கீங்க?" என்றார் அம்மையார்.

"ரெண்டும் இல்லீங்க. என்ன நடந்துச்சுன்னு கேக்க வந்தேன்."

உள்ளேயிருந்து பெரியவர் குரல்: "கம்பெனி ஆளா? மூச்சு வாங்குதா? வாங்கட்டும், வாங்கட்டும். தண்ணி குடும்மா!"

சிரிக்கிறீர்கள். அவளும் சிரித்தாள். இறங்கி வரும்போது அழுதாள். அவள் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

பொறியாளர்கள் பார்த்தார்கள், கதவுப் பூட்டில் கோளாறு. 'சத்தமில்லாமல் சரிசெய்யுங்கள்' என்றார் முதலாளி. தங்கையோ அதே வலைப்பதிவின் பின்னூட்டத்தில், தன் பெயரும் பதவியும் போட்டு எழுதினாள்: 'தவறு எங்களுடையது. அந்த வகை லிஃப்ட் அனைத்தையும் சரிசெய்கிறோம்.'

"யாரக் கேட்டு எழுதினே?"

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா சார்?"

அவள் வேலை ஊசலாடிக்கொண்டிருந்த நேரத்தில், பெயரில்லாத பக்கமொன்றில் அதே நிறுவனத்தைப் பற்றி ஒரு செய்தி கிளம்பியது: 'லிஃப்ட் அறுந்து விழுந்து சிறுமி பலி!' படத்தோடும் முகவரியோடும் பறந்தது. பார்த்தவர் பதறினார், பதறியவர் பகிர்ந்தார். விசாரித்தது யார்? அந்த முகவரிக்கு நான் போனேன். கதவைத் தட்டினேன். படத்திலிருந்த சிறுமியே திறந்து, "யார் வேணும்?" என்றாள்!

எழுதினேன். நம்பினார்களா? 'அண்ணன் தங்கைக்காக எழுதுகிறான்' என்றார்கள். சொன்னதில் நியாயம் உண்டு. நானாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

அப்போது அந்த அம்மையார் தாமே நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதினார்: 'இவர்கள் லிஃப்டில் சிக்கித் தவித்தவள் நான். நானே சொல்கிறேன், சிறுமி நலம். செய்தி பொய்.' அதன் பிறகுதான் அந்த வதந்தி அடங்கியது.

முதலாளி தங்கையைத் தனியே அழைத்து, தாழ்ந்த குரலில் கேட்டாராம்: "அந்தம்மாவுக்கு எவ்வளவு குடுத்தே?"

"ஒண்ணும் குடுக்கல சார். உண்மையச் சொன்னோம், அவ்வளவுதான்."

தோழர்களே! கருவி மாறலாம், களம் மாறலாம், காகிதம் கண்ணாடித் திரையாகலாம். ஆனால் நம்மீது குறை சொன்னவரே நமக்காகச் சாட்சி சொல்கிறாரே, அந்த நம்பிக்கையை எந்த விளம்பரத்தில் வாங்குவீர்கள்? எந்த அறிக்கையில் அச்சடிப்பீர்கள்? கேட்டுத்தான் பெற முடியும். காது கொடுத்துக் கேட்டுத்தான் பெற முடியும்!

என் பேச்சையும் அப்படிக் கேட்ட உங்களுக்கு நன்றி. விடைபெறுகிறேன், வணக்கம்.