செம்புக்குழி வாசலில் ஒரு ஜோடி செருப்பு

சாயங்காலம் ஆறரை மணி. சானமாவுக் காட்டை ஒட்டிப் போகும் மண் சாலை. யானைக்குப் பயந்து அந்நேரத்துக்கு ஒரு நாய்கூட அந்தப் பக்கம் போகாது...

கரண்ட் வர நேரமாகும். மெஷினை விட்டுவிட்டு இப்படி ஒட்டி உட்காருங்கள். நம்ம ஃபவுண்டரி எல்லப்பன் இருக்கிறானே, அவன் அக்கா புருஷன் திம்மராயனுக்கு நடந்தது இது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷம். மழை பொய்த்துக் கேழ்வரகு கருகிப் போனது. திம்மராயனின் தம்பி சென்றாயனுக்கு ஓசூரில் ஒரு பட்டறையில் வேலை. இரும்புப் பாளம் விழுந்து இடது கால் கட்டைவிரல் போனது, கூடவே வேலையும் போனது. விரல் இல்லாத காலில் செருப்புக்குப் பிடிமானம் ஏது? நடந்தால் சரக்... தப். சரக்... தப். சத்தத்தை வைத்தே தம்பி வருகிறான் என்று அண்ணன் சொல்லிவிடுவான். தாய் தகப்பன் இல்லாத பையன். தூக்கி வளர்த்தவன் திம்மராயன்தான்.

அந்தச் சாலைக்கு மேலே ஒரு கரட்டுக் குன்று. அதில்தான் செம்புக்குழி. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு சின்னக் கம்பெனி செம்புக்காக வெட்டியது. வெள்ளைக் கல்லுக்கு நடுவே பச்சை நரம்பு ஓடும். அந்த நரம்பைப் பிடித்துக்கொண்டே சரிவாக உள்ளே இறங்கினார்கள். போகப் போக நரம்பு நூலாக மெலிந்து அறுந்தே போனது. அடியில் நீலமாகத் தண்ணீர் ஊறியது. கம்பெனி மூட்டை கட்டியது, தண்டவாளத்தை மட்டும் விட்டுவிட்டு. இன்றைக்கும் வாசலில் நின்றால் பழைய செப்புக் காசை உள்ளங்கையில் தேய்த்த வாசனை வரும்.

வாசலில் ஒரு முனியப்பன் கல். அதனால் செருப்போடு யாரும் உள்ளே போவதில்லை. கல்லோரம் கழற்றிவிட்டுத்தான் இறங்குவார்கள். அதுதான் அங்கே அடையாளமும். செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே. இல்லையென்றால் ஆள் வெளியே. கடைசியாகக் கிளம்புகிறவன் ஆடு மாடு விழாதபடி பலகைக் கல்லைப் புரட்டி வாயை மூடிவிட்டுப் போவான். வெளியே இருந்து நெம்பினால் கல் நகரும். உள்ளே இருந்து நகராது.

பசி வந்தால் பத்தும் பறக்கும். அண்ணனும் தம்பியும் தண்டவாளத்தைப் பெயர்த்துக் காயலான் கடைக்குப் போடலாம் என்று போனார்கள்.

"நீ இத எடுத்துனு போய்ப் பொதருல மறைச்சிரு ண்ணா. நான் இன்னொண்ண நெம்பிட்டு வந்துர்றேன்" என்றான் சென்றாயன்.

திம்மராயன் தண்டவாளத் துண்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாலையோரப் புதரில் மறைத்துவிட்டுத் திரும்பினான். பொழுது மங்கிவிட்டது. கல்லோரம் தம்பியின் செருப்பு இல்லை.

"டேய் சென்றாயா..."

குழிக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம். திரும்பிப் பார்த்தால் கீழே சாலையில் ஓர் ஆள் ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான். செருப்புச் சத்தம் மேலே வரை கேட்டது. சரக்... சரக்... சரக்...

சொல்லாமல் கொள்ளாமல் போகிறான் பார் என்று திட்டிக்கொண்டே திம்மராயன் பலகைக் கல்லை நெம்பி வாயை மூடினான். வேகமாக நடந்தும் முன்னால் போன ஆளை எட்டிப் பிடிக்க முடியவில்லை. கம்பெனிக் காலத்தில் கூலிகள் குடியிருந்த லைன் வீடுகள் இடிந்து கிடக்கும் இடத்தில் சத்தம் நின்றது. ஆளும் இல்லை.

வீட்டில் பெண்டாட்டி சாந்தம்மா மட்டும் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி எங்கங்க?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சாலையில் கேட்ட சத்தத்தில் அந்தத் தப் இல்லை.

பெட்ரோமாக்ஸோடு ஊரே ஓடியது. கல்லைப் புரட்டினார்கள். கல்லின் உட்புறம் முழுக்கப் பச்சையாகக் கைத்தடம்... மேலிருந்து கீழ் வரை. உள்ளே சென்றாயன் இல்லை. நீலத் தண்ணீரில் மூங்கிலை விட்டுத் துழாவினார்கள். அடி தட்டவே இல்லை.

பக்கத்து நிலத்துக்காரர் ராமப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர் அப்பா.

"அப்பவும் இதே கூத்துதாம்ப்பா. உள்ள கல்லு சரிஞ்சப்ப, வெளிய ஓடுனவனுங்க கெடச்ச செருப்ப மாட்டினு ஓடிட்டானுங்க. தொரை வந்து பாத்தான். வாசல்ல ஒரு செருப்பும் இல்ல. எல்லாம் வந்துட்டானுங்கன்னு குழி வாய மூடிட்டான். உள்ள எத்தினி பேரோ... செருப்பில்லாம எப்பிடி வெளிய வருவானுங்க?"

திம்மராயனால் அழக்கூட முடியவில்லை. தூக்கி வளர்த்த கையாலேயே மூடிவிட்டோமே என்று நெஞ்சு வெடித்தது. மறுநாளே பலகைக் கல்லை உருட்டிப் பள்ளத்தில் தள்ளினான். அதற்குப் பிறகு தினமும் பொழுது சாயும்போது போய்த் தன் செருப்பைக் கல்லோரம் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வருவான். தம்பி மாட்டிக்கொண்டு வரட்டும் என்றுதான். விடிந்ததும் போய்ப் பார்ப்பான். செருப்பு அப்படியே கிடக்கும். பைத்தியம் என்றது ஊர். சாந்தம்மா மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மார்கழியில் ஒரு விடியல். பனி மூட்டம். கல்லோரம் செருப்பு இல்லை.

ஓடினான். முள்ளும் கல்லும் தெரியவில்லை. தம்பி, தம்பி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினான். வீட்டு வாசற்படியில் அவன் செருப்பு, சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. வீட்டுக்குள் அந்தச் செப்பு வாசனை.

சாந்தம்மா கண்ணீரும் சிரிப்புமாக உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க. உங்க தம்பி வந்துட்டாருங்க. இருட்டோட வந்து கதவத் தட்டுனாரு. ஒண்ணும் பேசல, வெளக்கு ஏத்த வேணாம்னு கைய காட்டிட்டுப் படுத்துட்டாரு. பாவம், ஒடம்பெல்லாம் சில்லுனு இருக்கு."

மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி, தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டு ஓர் உருவம். இடது கால் மட்டும் வெளியே நீட்டியிருந்தது. நகமெல்லாம் பச்சை.

கட்டைவிரல் இருந்தது.