வெற்றிச்செல்வனைப் பற்றி நாலு வார்த்தை

"ஹலோ... ஆமா, செங்கல்வராயன்தான்... ஆர்கெஸ்ட்ரா ஓனரேதான் பேசறேன்... எந்த ஓட்டலு?... ஓ... பியானோ வாசிக்கவா? யாரு, நம்ம வெற்றிச்செல்வனா?"

மாங்காட்டு மண்டபத்தில் வரவேற்பு பாதியில் இருந்தது. பாட வேண்டிய ஓனரே போனுக்கு வந்துவிட்டதால் மேடையில் வெற்றிச்செல்வன் மட்டும் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தான். செங்கல்வராயன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சமையற்கட்டுப் பக்கம் ஒதுங்கினார். அவன் போய்விட்டால் ஆர்கெஸ்ட்ராவில் மிஞ்சுவது இரண்டு ஸ்பீக்கரும் தன் குரலும்தான். தன் குரலைப் பற்றி அவருக்கே தெரியும். ஆகவே பையனின் எதிர்காலத்தை இந்தப் போனிலேயே முடித்துவிடுவது என்று தீர்மானித்தார்.

"நல்லா விசாரிச்சீங்க மேடம்... ஜாஸா? ஆமா, ஆமா, அப்டித்தான் சொல்லிகினு திரியறான். ஆவடி சுத்துவட்டாரத்துல அவன் வாசிக்காத எடம் இல்ல. சர்ச்சு, ஆடி மாசம் அம்மன் கோயிலு, காதுகுத்து, கட்சி மீட்டிங்கு... எங்கயும் ஒரு தபாதான் கூப்புடுவாங்க. ரெண்டாவது தபா தேடிகினு வருவாங்க, அடிக்க."

"இன்னா பண்ணுவானா? நான் பாடறப்ப மூச்சு வுட்ற கேப்புல பூந்து, பாட்டுலயே இல்லாத ரூட்டுல ஒரு ரவுண்டு போய்ட்டு வருவான்... எவ்ளோ நேரமா? பந்தி முடிஞ்சி எலையே எடுத்துட்டாங்க மேடம்... ஆமா... போன வாரம் மாப்ள நடந்து வராரு, இவன் தாளத்த மாத்தி மாத்தி உதைக்கிறான். மாப்ளைக்கு காலு பின்னிகிச்சு... வுழுந்துட்டாரு... இன்னாத்துக்கு மேடம் சிரிக்கிறீங்க?"

"சாவு ஊட்டக் கேளுங்க. பட்டாபிராம்ல. ஐஸ் பெட்டி பிளக்கப் புடுங்கிட்டு கீபோர்ட சொருவிகினான்... ஆமா, பொணம் உள்ளதான் கீது! அத கேக்க வேண்டிய மவனுங்க அழுகைய வுட்டுட்டு தலைய ஆட்டிகினு கீறானுங்க... இதுல இன்னா மேடம் சூப்பரு?"

"ஒரு பாட்ட ஒரே மாரி ரெண்டு தபா வாசிச்சதே கெடையாது... நோட்டா? பேப்பர் பக்கமே போவ மாட்டான். கண்ண மூடிகினு வாசிப்பான், தூங்கறானோன்னு நானே கிள்ளிக்கீறேன்... ஆமா... ஆமா... இன்னா?... நாளைலேர்ந்தா?"

ஜாஸ் என்றால் இப்படித் தோன்றியபடி வாசிப்பதுதான் போலும்; இவ்வளவு நேரமும் தன் வாயாலேயே அவனுக்குச் சிபாரிசு செய்துகொண்டிருந்தது செங்கல்வராயனுக்கு அப்போதுதான் உறைத்தது. குரலைத் தேனாக்கிக்கொண்டார்.

"மேடம், மேடம், ஒரு நிமிசம்! ஏதோ கோவத்துல உளறிட்டேன். தங்கமான புள்ள அவன்! ரெக்கார்டுல எப்டி கீதோ அப்டியே வாசிப்பான். ஒரு சொரம் மாறாது. மெசினு மேடம், மெசினு! சொந்தமா ஒண்ணு யோசிச்சான்னு எவனாவது சொல்லட்டும்... இல்ல மேடம், இதான் நெஜம்... எங்கம்மா மேல சத்தியமா... மேடம்? ஹலோ... ஹலோ..."

இணைப்பு அறுந்திருந்தது. செங்கல்வராயன் மேடைப் பக்கம் ஓடினார். வெற்றிச்செல்வன் இடது கையால் பாட்டை விடாமல் வாசித்துக்கொண்டே, வலது கையால் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்துக் காதில் வைத்தான்.