பதினொன்றாவது கோடு

இரவு பதினொன்றேகால். ஆலைகளுக்குப் பின்னால் போகிற சாலை... ஒரு நாய்கூடக் கிடையாது. என் நண்பனின் சித்தப்பா சைக்கிளில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். தம்பி, கதை முடிகிறவரை அந்தத் தீப்பெட்டியை உரசாமல் கீழே வை. அவர் பேய்க்கு அஞ்சுகிறவர் இல்லை. தீயோடு இருபது வருடம் குடித்தனம் நடத்தியவர்.

அதுதான் அவர் வேலை, எந்தப் பொருளில் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சோதிப்பது. சுவர்ப்பலகையோ மெத்தையோ, ஒரு துண்டை நிறுத்தி, சாணுக்கொரு பென்சில் கோடு போட்டு, அடியில் பற்றவைப்பார். தீ கோட்டைத் தாண்டும்போதெல்லாம் "கோடு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கும். பிறகு போட்டுக் கேட்டு நேரம் குறிப்பார்கள். மகள் சின்னவளாக இருந்தபோது விடுமுறையில் வந்து, "கோடுப்பா! கோடுப்பா!" என்று அவளே கத்துவாள். நடுவில் கதவைத் திறந்தால் மட்டும் திட்டு விழும். காற்று வந்தால் கணக்குக் கெட்டுவிடும்.

போன வருடம் ஒரு சுவர்ப்பலகை வந்தது. மூன்று துண்டு எரிக்க வேண்டும். இரண்டில் தீ ஊர்ந்தது. மூன்றாவதில் ஓடியது... ஐந்து கோடும் பத்தொன்பது விநாடியில். "காத்து பூந்திருக்கும்" என்று அதைத் தள்ளிவிட்டு, தேறியது என்று கையெழுத்துப் போட்டார். அதே பலகையைத்தான் மகளின் விடுதி நடைவழியில் ஒட்டினார்கள். அவளுடையது கோடியில், பதினொன்றாவது அறை. போன மாதம் அங்கே தீப்பிடித்தது. மீதியைச் சொல்ல வேண்டுமா?

"ஒரு துண்டு மிச்சமிருக்கு. காத்தா, நானான்னு பாத்துடறேன்."

"பாத்து என்ன ஆகப்போகுது? அவ வரப்போறாளா?" என்றாள் மனைவி. அதையும் மீறித்தான் அந்த இரவு கிளம்பினார்.

சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். இடுக்கில் துணி அடைத்தார். ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பற்றவைத்தார். சர்ர்ர்... முடி கருகும் வாடை. "கோடு... கோடு..." ஐந்தும் சொல்லி முடித்தார். பத்தொன்பது விநாடி. காற்று இல்லை, அவர்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழக்கூட வரவில்லை.

தீ அணைந்தது. கும்மிருட்டு.

"கோடுப்பா."

கதவுக்கு வெளியே... நடைவழியின் மறுகோடியில். துண்டில் ஐந்தே கோடுகள்தான். இது ஆறாவது.

நான்கு விநாடி. இன்னும் கிட்டத்தில், "கோடுப்பா." ஏழு. எட்டு... ஒன்பது... பத்து, கதவுக்கு அந்தப் பக்கம்.

பதினொன்று வரவில்லை. டக்... டக். கதவை யாரோ தட்டினார்கள்.

காலையில் காவலாளிதான் கதவைத் தள்ளித் திறந்தார். சித்தப்பா அதன்பின் வேலைக்குப் போகவில்லை. "தெறக்கத்தான் எந்திரிச்சேன்டா, காலு வரல. வாயும் வரல" என்று இன்றைக்கும் அழுகிறார்.

அன்றைய ஒலிப்பதிவை என் நண்பன் போட்டுக் கேட்டிருக்கிறான். அவள் குரல் அதில் இல்லை. சித்தப்பா சொன்ன ஐந்து கோடு, பிறகு வெறும் இரைச்சல். டக்... டக். அப்புறம் சித்தப்பாவின் குரல்... வேலை நேரத்துக் குரல், ரொம்ப நிதானமாக:

"தெறக்காதம்மா. காத்து வரும்."