அவர் பார்த்துவிட்டுப் போன வண்டி

ஒரு கார் ஷோரூமில் மார்க்கெட்டிங் மேனேஜர் பார்க்கும் வேலைகளில் மிகவும் அலுப்பானது விளம்பர வேலைக்கு வெண்டரைத் தேர்ந்தெடுப்பதுதான். வருகிற ஒவ்வொருவரும் லேப்டாப்பைத் திறந்து, மேலேறிப் போகும் ஒரு கோட்டைக் காட்டுவார்கள். எல்லோருடைய கோடும் மேலேதான் போகும்.

நீங்கள் கேட்டிருப்பதும் அதைத்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. பிரபாகரனின் விளம்பர ஏஜென்சியை எதற்காகத் தேர்ந்தெடுத்தேன் என்று. சாத்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று உங்களிடம் புகார் கொடுத்த அன்று, எங்கள் முதலாளி வெள்ளைத்துரை அண்ணாச்சி என்னை அறைக்குள் கூப்பிட்டார். "எல்லாம் ஏஜென்சிக்காரன் பார்த்த வேலைன்னு எழுதிக் குடுத்திருங்க. அதோட முடிஞ்சுது" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

என் பெயர் முத்துக்கிருஷ்ணன். விருதுநகர் நான்குவழிச் சாலையில் இருக்கும் அந்த ஷோரூமில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். அண்ணாச்சியின் குடும்பத்துக்கு வற்றலும் பருப்பும்தான் பரம்பரை வியாபாரம், கார் புதிது. ஃபேஸ்புக்கிலும் கூகுளிலும் விளம்பரம் போட்டு, அதைப் பார்த்து நம்பர் கொடுக்கிறவர்களைப் பிடித்து, ஷோரூமுக்கு வரவழைப்பது என் பொறுப்பு. இந்த நம்பர்களை நாங்கள் லீட் என்போம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், தென்மாவட்ட ஷோரூம்களில் நாங்கள் கடைசியில் இருந்தோம். புது வெண்டரைப் பார்க்கச் சொன்னார்கள்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மதுரையிலிருந்து வந்த ரோஷினி. அவர் கோடு எதுவும் காட்டவில்லை. எங்கள் ஷோரூமைப் பற்றி கூகுளில் ஜனங்கள் எழுதியிருந்த குறைகளை அச்சிட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். முதலில் இவர்களுக்குப் பதில் சொல்லுங்கள், சர்வீஸைச் சரி செய்யுங்கள், அப்புறம் விளம்பரம் தானாக வேலை செய்யும், எட்டு மாதமாவது ஆகும் என்றார். நல்ல யோசனை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். எனக்கு எட்டு மாதம் இல்லை என்று நினைத்தேன்.

இன்னொருவர் பிரபாகரன். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் மாடியில் அவருடைய ஆபீஸ். போன் பேச நான்கு பெண்கள். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பக்கம் சாதாரணக் குடும்பத்தில் மொத்தமாகப் பணம் வருவது எப்போது என்று பாருங்கள் சார் என்றார். நான் யோசித்தேன். அவரே சொன்னார். பட்டாசுக் கம்பெனியில் விபத்து நடந்தால் செத்தவர் வீட்டுக்கு நிவாரணம் வரும். இரண்டு மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும். யார் யார் என்று பேப்பரிலேயே பெயர், வயது, ஊர் எல்லாம் போடுகிறார்கள். போன் நம்பரோடு பட்டியல் எடுப்பது என் வேலை.

நான் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அந்த வாரமே அவருக்கு ஆர்டர் கொடுத்தேன்.

ஆனால் பட்டியல் மட்டும் போதவில்லை. அந்தப் பெண்கள் போன் போட்டதும் எதிர்ப்பக்கம் வைத்துவிடுவார்கள். சிலர் திட்டினார்கள். ஒரு மாதம் போய்விட்டது. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

பிறகு ஒருநாள் பட்டியலில் மாரிசாமி என்று ஒரு பெயர் வந்தது. அந்த மனிதரை எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு ஷோரூமுக்கு வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, ஒரு ஏழு சீட் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர். வாங்க வரவில்லை, சும்மா பையனுக்குக் காட்ட வந்தேன் என்று அவரே சொன்னார். அவர் மனைவியிடம் இதைச் சொல்லச் சொன்னேன். அந்த அம்மா போனிலேயே அழுதிருக்கிறார். மறுநாள் வந்தார். மூன்றாம் நாள் வண்டி எடுத்தார்.

அந்த முதல் முறை அது உண்மை. எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டது இதுதான்.

அன்று மாலை என் மேஜையில் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தை டைப் செய்தேன். "உங்க வீட்டுக்காரர் தவறுறதுக்கு ரெண்டு மாசம் முந்தி இங்கன வந்து ஒரு வண்டியைப் பார்த்துட்டுப் போனாக, வீட்ல சொல்லாதீக, நானே சொல்லிக்கிறேன்னாக." அதைப் பிரபாகரனுக்கு அனுப்பினேன். எங்கள் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லலாம் என்றும், யார் யார் பெயர் இருக்கிறது என்று நானே பார்த்துச் சொல்கிறேன் என்றும் எழுதினேன். ஒவ்வொரு பட்டியல் வரும்போதும் எல்லாப் பெயருக்கும் நேரே 'உண்டு' என்று போட்டு அனுப்பினேன். பதிவேட்டைத் திறக்கவே இல்லை.

ஆகவே பிரபாகரன் பட்டியல் எடுத்ததற்குப் பதில் சொல்லட்டும். அந்தப் பொய் அவருக்குத் தெரியாது. போன் பேசிய பெண்களுக்கும் தெரியாது. அவர்களில் செல்வலட்சுமி என்கிற பெண் ஒருமுறை நேரே என்னைக் கூப்பிட்டு, "சார், நெசமாவே வந்தாகளா? ஒரு அக்கா திரும்பத் திரும்ப அதையேதான் கேக்குறாக" என்று கேட்டாள். வந்தார் என்றேன். நீ சொல்வது அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்றும் சொன்னேன். அவள் அதற்குப் பிறகு இன்னும் நன்றாகப் பேசினாள்.

எங்கள் ஷோரூம் நான்காவது இடத்துக்கு வந்தது. அந்த நாட்களில் என் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்காவது வெடித்தது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், நான் முதலில் காலண்டரைப் பார்ப்பேன். இன்றையிலிருந்து மூன்று மாதம். அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் எத்தனை பேர் என்று படிப்பேன். என் மனைவி பத்திரகாளி ஒருமுறை அதைக் கவனித்துவிட்டு, என்ன குறிக்கிறீர்கள் என்று கேட்டாள். வண்டி இன்ஷூரன்ஸ் தேதி என்றேன்.

சண்முகத்தாய் வந்தது போன தை மாதம். அச்சங்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். கணவர் கோட்டைச்சாமி, பேன்சி ரகப் பட்டாசு செய்கிற அறை வெடித்ததில் போனவர். சண்முகத்தாய் தம்பி சோலைமலையோடு வந்தார். சேல்ஸ் பையன்கள் பேசப் போனபோது, போனில் சொன்னவரைப் பார்க்க வேண்டும் என்றார். என்னிடம் அனுப்பினார்கள்.

அவர் விலை கேட்கவில்லை. "அவுக எந்த வண்டியைப் பார்த்தாக?" என்று கேட்டார்.

நான் ஒரு வெள்ளை வண்டியைக் காட்டினேன். அந்த மாதம் போகாமல் நின்றது அது.

"உக்காந்து பார்த்தாகளா?"

உட்கார்ந்தார் என்றேன். டிரைவர் சீட்டிலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கதவைத் திறந்து அந்த சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். நகர்ந்து போயிருக்கலாம், போகவில்லை. அவராகக் கேட்காமலே, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் என்று சொன்னேன். அது எந்த ஸ்கிரிப்டிலும் இல்லை. அப்போது தோன்றியது, சொன்னேன்.

வாடகைக்கு ஓட்டலாம், இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் சவாரி கிடைக்கும் என்று சோலைமலைதான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வண்டி போனது. சவாரிக்கு மட்டும் போகவில்லை. கண்டவரும் ஏறி உட்கார அந்த அம்மா விடவில்லை. அது வீட்டுக்காரர் பார்த்து வைத்த வண்டி. வீட்டு முன்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். தினமும் காலையில் தார்ப்பாயை விலக்கி அந்த ஒரு சீட்டை மட்டும் துடைப்பார் என்று சோலைமலை முதல் சர்வீஸுக்கு வந்தபோது சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். வெளியே வந்து அடுத்த பட்டியலுக்கு 'உண்டு' போட்டேன்.

ஐப்பசி முதல் வாரத்தில் சண்முகத்தாய் மறுபடி வந்தார். இந்த முறை மகள் மாரிசெல்வி கூட வந்திருந்தாள். சாத்தூரில் காலேஜ் போய்க்கொண்டிருந்த பெண். அப்பாவுக்கு வந்த பணத்தில் படிப்பை முடிக்க வேண்டும் என்று இருந்திருக்கிறது. பணம் வண்டியாகிவிட்டதால் அவளும் இப்போது பட்டாசுக் கம்பெனிக்குத்தான் போகிறாள். நகக்கண்களில் வெள்ளி நிறத்தில் மருந்து ஒட்டியிருந்தது. கையை மடக்கியே வைத்திருந்தாள்.

வந்த காரியம் இதுதான்: மகள் நம்பவில்லையாம், நான் என் வாயால் அவளுக்குச் சொல்ல வேண்டுமாம். "ஒருக்கா சொல்லுங்க சார், இவ கேக்கட்டும்" என்றார் அந்த அம்மா.

சொன்னேன். முதல் தடவையைவிட நன்றாகவே சொன்னேன். அவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்றுகூடச் சொன்னேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், சொல்லும்போது கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அவர் எழுந்து, அங்கே நின்ற வேறொரு வெள்ளை வண்டியைப் பார்க்கப் போனார்.

மாரிசெல்வி என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எந்த நாளு சார் அப்பா வந்தாக?"

ஒரு தேதி சொன்னால் நம்புவாள் என்று நினைத்தேன். போன வருஷம் ஆடி கடைசி வெள்ளிக்கிழமை, நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றேன்.

அவள் அம்மா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு நாங்க மூணு பேரும் இருக்கன்குடியில இருந்தோம் சார். அப்பா முடி எறக்குனாக. காலையில போயி ராத்திரிதான் வீடு வந்தோம்."

அவள் கோபப்படுவாள், முதலாளியைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் மடக்கிய கையை மேஜைமேல் வைத்து, ஒரு உதவி கேட்பவளைப் போலக் கேட்டாள்.

"அம்மாகிட்ட தேதி மட்டும் சொல்லிராதீக. அவுகளுக்கு இப்ப இது ஒண்ணுதான் இருக்கு."

சரி என்று தலையாட்டினேன். சண்முகத்தாய் திரும்பி வந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். இரண்டு பேரும் பஸ் பிடிக்கப் போனார்கள்.

உங்களிடம் புகார் கொடுத்த குடும்பம் இவர்கள் இல்லை, ஐயா. இவர்கள் கொடுக்க மாட்டார்கள். இவர்களுக்குப் பிறகு நான்கு வீடுகளுக்கு அந்த வாக்கியம் போனது. நான்காவது வீட்டு மனிதர் இரண்டு வருஷமாக எழுந்து நடக்க முடியாத தகப்பனாரை விட்டு, கம்பெனி வேலைக்குத் தவிர, எங்கும் போகாதவராம். அந்த வீட்டார்தான் உங்களிடம் வந்தவர்கள். மாரிசெல்வி எழுந்து போன பிறகு நான் ஏன் நிறுத்தவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். அன்று எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடி வைத்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்து, பிரபாகரனின் ஆபீசுக்கு ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்: எந்த நாள் வந்தார் என்று கேட்டால் தேதி மட்டும் சொல்ல வேண்டாம்.