ஒடியல்மாப் பைக்குள் ஒரு சிலுவை

தேவமலர்: மெதுவாத் திற, லூர்த்து... பெட்டிக்குள்ளை பனிக்கரடி ஏதும் ஒளிச்சு வந்திருக்கும்.

லூர்த்தம்மா: உன்னைக் கண்டால் அது திரும்ப ஓடியிடும். இந்தா, சொக்கிளேற். வேலிப் பொட்டுக்குள்ளாலை பூந்து முதல் வந்த ஆள் நீதான்.

தேவமலர்: பக்கத்து வீட்டுக்காரி வேறை எதாலை வாறது? ரெண்டு மாசம் உன்ரை வாழைக்குத் தண்ணி விட்டு, கோழி அடைச்சு... என்ரை தையல் வேலை எல்லாம் கிடக்குது.

லூர்த்தம்மா: அதுதான் ரெண்டு பெட்டி சொக்கிளேற்.

தேவமலர்: அது கிடக்கட்டும். எப்ப திரும்பப் போறாய்?

லூர்த்தம்மா: வந்து முகம் கழுவேல்லை, அதுக்குள்ளை கலைக்கிறாய்.

தேவமலர்: கலைக்கேல்லையடி... உன்ரை மோன் சுபாஸ், அம்மா வீட்டைப் பூட்டிப்போட்டு ஒரேயடியா லித்துவேனியாவுக்கு வரப்போறா எண்டு என்ரை மகளுக்குச் சொன்னவனாம். கொழும்புத்துறை ஊர் முழுக்க உந்தக் கதைதான்.

லூர்த்தம்மா: பாப்பம். முதல் நான் போன இடத்தைக் கேளன்.

தேவமலர்: சரி... எப்பிடிப் பட்டணம்?

லூர்த்தம்மா: ஷௌலேய் எண்டு பேர். வாயிலை வர எனக்கு ஒரு கிழமை எடுத்தது. இரவு பத்து மணிக்கும் வெளிச்சமடி!

தேவமலர்: அப்ப கோழியை எப்ப அடைக்கிறது?

லூர்த்தம்மா: உனக்கு உன்ரை கவலை. பிறகு, போக முன்னம் உனக்குச் சொன்ன அந்தச் சிலுவைக் குன்றுக்குப் போனம்...

தேவமலர்: பெரிய மலையோ?

லூர்த்தம்மா: மலையாம் மலை! எங்கடை கோயில் கோபுர உயரமும் இல்லை. ஆனால் சனம் நேர்த்திக்கு நட்ட சிலுவையெண்டால்... அம்மாடி, லட்சக்கணக்கிலை. சிலுவையிலை சிலுவை தொங்குது. காத்தடிச்சால் எல்லாம் கிலுகிலு எண்டு...

தேவமலர்: நேர்த்தியெண்டாலே பிடிக்காத எங்கடை மெதடிஸ்ற் போதகர் கண்டால் மயங்கி விழுந்திருப்பார்.

லூர்த்தம்மா: முந்தி சோவியத்துக்காரர் புல்டோசராலை இடிச்சவையாம். சனம் திரும்ப நட்டதாம். திரும்ப இடிக்க, திரும்ப நட்டதாம்.

தேவமலர்: வீம்பு பிடிச்ச சனம்.

லூர்த்தம்மா: ஓம்... உன்னை மாதிரி.

தேவமலர்: நான் என்ன செய்தனான்?

லூர்த்தம்மா: போகேக்கை எயாப்போட்டிலை பெட்டியை மெசினுக்குள்ளை விட்டவுடனை ஒரு பெட்டை என்னைக் கூப்பிட்டாள். கூழ் காய்ச்சக் கொண்டுபோன பனங்கிழங்கு ஒடியல்மாப் பையைப் பிரிச்சாள். உள்ளுக்கை ஒரு சாண் சிலுவை! பனஞ்சிராயிலை செய்தது.

தேவமலர்: ...ஆரோ நேர்த்திக்கு வைச்சிருக்குங்கள். முன்வீட்டு லெனாட்டின்ரை மனிசியோ?

லூர்த்தம்மா: அவள் கத்தோலிக்கக்காரி, கையிலையே தந்திருப்பாள். ஒளிச்சு வைக்கிறதெண்டால்... நேர்த்தியைப் பகிடி பண்ணுற ஆளாத்தான் இருக்கோணும்.

தேவமலர்: உலகத்திலை கனபேர் பகிடி பண்ணுவினம்.

லூர்த்தம்மா: பண்ணுவினம். ஆனால் அதைச் சுத்தியிருந்தது என்ரை பச்சைச் சட்டையின்ரை வெட்டுத்துண்டு. அந்தச் சட்டை தைச்சது ஆர்?

தேவமலர்: ...உந்தச் சொக்கிளேற்றுக்குள்ளை கச்சான் கடலை கிடக்கு.

லூர்த்தம்மா: கதையை மாத்தாதை, கள்ளி. என்ன வேண்டினனி?

தேவமலர்: உன்ரை முழங்காலுக்கு. குளிருக்கு வீங்குமெல்லோ...

லூர்த்தம்மா: வெயில் காலத்திலையோ?

தேவமலர்: ஓம். நட்டனியோ, எறிஞ்சனியோ, அதைச் சொல்லு.

லூர்த்தம்மா: அவசரப்படாதை. சுபாசும் ஒரு சிலுவை வாங்கினவன். பெரிசு, வார்னிஷ் பூசினது. "அம்மா இனி எங்களோடையே இருக்கோணும்" எண்டு வாய்விட்டே செபிச்சவன்.

தேவமலர்: ...பெத்த பிள்ளை. கேப்பான்தானே.

லூர்த்தம்மா: என்னடி, கண்ணைத் துடைக்கிறாய்?

தேவமலர்: மா பறக்குது.

லூர்த்தம்மா: ஒடியல்மா முழுக்க அங்கை கூழ் காய்ச்சிக் குடிச்சாச்சு.

தேவமலர்: ...சரி. முழங்காலுக்கில்லை. நீ திரும்பி வந்து இஞ்சையே இருக்கோணும் எண்டுதான். அந்த வேலிப் பொட்டை அடைக்க எனக்கு மனமில்லை... பெத்தவனுக்கு எதிரா வேண்டினது பிழைதான். நீ எறிஞ்சிருந்தாலும் கோவிக்கமாட்டன். போதகருக்கு மட்டும் சொல்லிப்போடாதை.

லூர்த்தம்மா: விசரி... பச்சைத் துண்டைக் கண்டவுடனையே எனக்கு விளங்கினது. ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலைதான் நட்டனான். உன்ரையைக் கொஞ்சம் ஆழமாக் குத்தினன்.