இனியாவுக்குக் கிடைத்த சிவப்பு அட்டை

பெண்கள் ஹாக்கி அணிக்கு நல்ல கோல்கீப்பர் கிடைப்பது கஷ்டம். எல்லாருக்கும் கோல் போடத்தான் ஆசை. காலில் தடித்த பேடுகளைக் கட்டிக்கொண்டு, வெயிலில் வெந்துகொண்டு, ஜெயித்தால் யாரும் கவனிக்காத, தோற்றால் எல்லாரும் திட்டுகிற இடத்தில் நிற்க யாருக்குப் பிடிக்கும்? கவிநிலாவுக்குப் பிடித்தது. "நான் நிக்கிறேன் சார்" என்று தானாகவே வந்து கேட்டாள். அதனால் அவள்மேல் எனக்குத் தனிப் பிரியம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் நீங்கள் அதை நம்பமாட்டீர்கள்.

என் பெயர் மாறன். திருவண்ணாமலையில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். இந்த மாவட்டத்தில் ஹாக்கி ஆடுகிறவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள். எதிரணிப் பெண் விழுந்தால் என் பிள்ளைகள் கைகொடுத்துத் தூக்கிவிடுவார்கள். அம்பயர் தப்பாகச் சொன்னாலும் வாயைத் திறக்கமாட்டார்கள். அட்டை வாங்கிய பழக்கமே எங்களுக்கு இல்லை. மற்ற அணிக்காரர்கள் குறுக்கே காலை விட்டும் ஸ்டிக்கால் முட்டியில் தட்டியும் ஜெயித்தார்கள். அந்த வழியில் போகாமல் ஜெயிக்க வேண்டுமென்றால் என் பிள்ளைகள் அவர்களைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். அடிபட்டால் அழக் கூடாது. நேர்மை என்பது வலி தாங்குகிறவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். இதை அவர்களிடம் அடிக்கடி சொல்வேன்.

கவிநிலா எல்லாவற்றையும் தாங்குவாள். ஆனால் பெனால்டி கார்னரில் பந்து உயரமாக வந்தால் மட்டும் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஹெல்மெட் போட்டிருந்தும் அப்படித்தான். மாவட்டப் போட்டியின் அரையிறுதியில் அதனாலேயே ஒரு கோல் வாங்கினாள். எப்படியோ தப்பித்தோம். இறுதிப் போட்டியில் எதிரணியில் இனியா இருந்தாள். அடி அண்ணாமலை கிராமத்துப் பெண். அவள் அடித்தால் சத்தம்தான் முதலில் தெரியும், பந்து அப்புறம்தான்.

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் மற்றவர்களை அனுப்பிவிட்டு கவிநிலாவை மட்டும் நிறுத்திக்கொண்டேன். ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னேன்.

"எதுக்கு சார்?"

"அது இருந்தும் பயப்படுறல்ல? இல்லாம நின்னு பாரு. நாளைக்குப் போட்டுக்கினு நிக்கும்போது பயமே வராது."

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. நான் ஓரமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பந்து கல்லில் பட்டு எகிறி அவள் காதுக்கு மேலே அடித்தது. உட்கார்ந்துவிட்டாள். மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, "ஒண்ணும் இல்ல சார்" என்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

"அம்மாகிட்ட சொல்லிடாத. அப்பறம் நாளைக்கு வுடமாட்டாங்க."

"சொல்லமாட்டேன் சார்."

சொல்லவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பெண்.

மறுநாள் காலையில் மைதானத்துக்குப் பின்னால் வாந்தி எடுத்தாள். வெயில் கண்ணைக் குத்துகிறது என்றாள். எங்களைப் போன்றவர்களுக்கு நடந்த ஒரு முகாமில் இதைப் பற்றி ஒரு டாக்டர் வகுப்பெடுத்திருக்கிறார். தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தால் ஆடவே விடக் கூடாது, அடுத்து ஒரு சின்ன இடி பட்டாலும் உயிர் போய்விடலாம் என்றார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். எழுந்து சந்தேகம்கூடக் கேட்டேன்.

"காலைல என்னா சாப்ட்ட?" என்று கவிநிலாவிடம் கேட்டேன்.

"பூரி சார்."

"அதான். எண்ணெ ஜாஸ்தியா இருந்திருக்கும்."

அவள் அதை நம்பினாள். ஹெல்மெட்டை நானே மாட்டி, வாரை இறுக்கிவிட்டேன்.

இரண்டாம் பாதியில், தடுத்த பந்து எதிரே தெறித்தபோது அதைப் பிடிக்க இனியா ஓடிவந்தாள். கவிநிலா அவள் காலடியில் பாய்ந்தாள். இனியாவின் முட்டி ஹெல்மெட்டில் உரசியது. பஸ்ஸில் இறங்குகிறவர் பை நம்மேல் உரசுமே, அவ்வளவுதான். கவிநிலா எழுந்தாள், ஓரடி எடுத்து வைத்தாள், அப்படியே சரிந்தாள்.

அம்பயர் திருமலை இனியாவுக்கு எந்த அட்டையும் காட்டவில்லை. "பந்துக்குத்தான் வந்துச்சி, வேணும்னு பண்ணல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கவிநிலாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் திருமலையிடம் போனேன். குரலை உயர்த்தவில்லை.

"ஸ்டிக்கத் தூக்கித் தலைல அடிச்சா. நான் பாத்தேன்."

திருமலை என் முகத்தைப் பார்த்தார். அவரிடம் நான் இதுவரை ஒரு புகாரும் சொன்னதில்லை.

"நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றார். சிவப்பு அட்டையை எடுத்து இனியாவிடம் காட்டினார். அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. தனக்குப் பின்னால் யாரோ நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

வேலூருக்குக் கொண்டுபோகும் வழியில், கண்ணமங்கலம் தாண்டியதும் கவிநிலா இறந்தாள். அவள் கை என் கையில்தான் இருந்தது. எப்படி அடிபட்டது என்று எல்லாரும் கேட்டார்கள், நான் சொன்னேன். காரணம் தெரிந்துவிட்டதால் யாரும் வேறு காரணம் தேடவில்லை.

இனியாவுக்கு இனி ஆடத் தடை விதித்தார்கள். அவள் பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள். கிரிவலப் பாதையில் அவள் அப்பா சகாதேவன் இளநீர் விற்கிறார். பௌர்ணமிக்கு வருகிறவர்களிடம்கூட யாரோ அவரைக் காட்டிச் சொல்லிவிடுகிறார்களாம். கவிநிலாவின் அம்மா திரௌபதி என்னிடம், "எம் பொண்ணுக்காக நீங்க ஒருத்தராச்சும் பேசுனீங்களே சார்" என்றார். அதன்பிறகு அவர்கள் தெரு வழியாக நான் போவதில்லை. மைதானத்தில் ஸ்டிக்கில் பந்து படும் சத்தம் கேட்டால் கை தானாகக் காதுக்கு மேலே போகிறது.

நேற்று இனியா தன் அப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாள். மெலிந்துபோயிருந்தாள்.

"நான் ஸ்டிக்கத் தூக்கல சார்" என்றாள். பிறகு, "தூக்குனேனா சார்? எனக்கு ஞாபகமே வர்ல. நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்ப நான்தான் தூக்கியிருக்கணும்" என்று அழுதாள்.

சகாதேவன் கைகூப்பி நின்றார். "சின்னப் பொண்ணு சார். மனசுல வெச்சிக்காதீங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா, மேடம்? "சரி, போம்மா. நான் மன்னிச்சிட்டேன்" என்றேன்.

அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த நன்றியை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். இனியா ஸ்டிக்கைத் தூக்கவில்லை. அந்தப் பந்து கல்லில் பட்டு எகிறவும் இல்லை. கவிநிலா திரும்பத் திரும்பக் கண்ணை மூடினாள். எனக்குக் கோபம் வந்தது. தலையைக் குறிவைத்து, முழுப் பலத்தோடு அடித்தேன். எழுந்து "ஒண்ணும் இல்ல" என்றாளே, அதற்குப் பிறகு மறுபடியும் நிற்கவைத்தேன். மறுபடியும் அடித்தேன். அதுவும் தலையில்தான் பட்டது. இரண்டாவது தடவை அவள் கண்ணை மூடவில்லை.

கவிநிலாவைக் கொன்றது நான்தான். என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. இனியாவின் தடையை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். அப்படி ஓர் ஆட்டக்காரி நம் மாவட்டத்தில் வேறு கிடையாது. கொஞ்சம் அழுகுணி, அவ்வளவுதான். நான் வெளியே வந்ததும் அவளை என்னிடம் அனுப்பச் சொல்லுங்கள், மேடம். அதை நான் சரிசெய்துவிடுவேன்.